மாப்பிள்ளை உட்கார்ந்தால் இரையும் கம்ப்யூட்டர்

என் எம்பிராய்டரிக் கடையில் எனக்கு அடுத்தபடி முக்கியம் எது என்று கேட்டால் பெரிய மெஷினைத்தான் சொல்வேன். அதற்கு அடுத்தது என் மகள். அதற்கும் கொஞ்சம் தள்ளி, மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருப்பாரே, அவர்தான் மாப்பிள்ளை. என் மகளைக் கட்டியவர் என்று நினைத்துவிடக் கூடாது. என் தங்கையைக் கட்டியவர். எனக்கு மாப்பிள்ளை, என் மகளுக்கு மாமா, மற்ற எல்லோருக்கும் கண்டக்டர்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலியின் மதிப்பு உங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் நாலாம் வகுப்போடு ஒட்டு உறவு அறுந்துபோனது. ஒரு தையல்கடையின் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து அடுத்தவன் சட்டைக்குப் பட்டன் துளை போட்டுக்கொண்டிருந்தவன் நான். இந்தத் தெருவில் கம்ப்யூட்டர் சொல்ல, அதைக் கேட்டு ஊசி தைக்கிற மெஷினை முதன்முதலில் இறக்கியவனும் நான்தான். எழுதப் படிக்கத் தடுமாறுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு, கடையை மூடிவிட்டுப் போகப்போகிறான் என்று பேசியவர்கள் உண்டு. அவர்கள் பிள்ளைகள் போட்டிருக்கிற சீருடையில் சட்டைப் பைக்கு மேல் இருக்கிற சின்னம் இன்று என் மெஷின் தைத்தது. நான் யாரிடமும் சொல்லிக்காட்டுவதில்லை. அவர்களே குனிந்து பார்த்துக்கொள்ளட்டும்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதிலும் நான் கெட்டிக்காரன். மாப்பிள்ளையைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தது என் கண்டுபிடிப்பு.

அவர் பாதி ஆயுளைப் பஸ்ஸில் நின்றே கழித்தவர். கூட்டத்துக்கு நடுவில் கம்பியைப் பிடிக்காமலே நிற்பார், வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவர் நேராக இருப்பார். ஒரு மழைநாளில் கடைசிப் படியில் கால் வழுக்கியது. முழங்காலுக்குள் தகடு வைத்துத் தைத்தார்கள். இனிமேல் படி ஏறக் கூடாது, ஓடுகிற வண்டியில் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ் கம்பெனியில் பாவம் பார்த்து டிப்போவில் ஒரு மேசை கொடுத்தார்கள். டிக்கெட் மெஷினில் இருக்கிற கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. அங்கேதான் மனிதர் அந்தப் பெட்டியோடு பழகினார். அது மக்கர் பண்ணும்போதெல்லாம் திட்டுவார், தட்டுவார், பிறகு உட்கார்ந்து என்ன ஏது என்று விசாரிப்பார். விசாரித்து விசாரித்தே கற்றுக்கொண்டார். டிப்போவை மூடியபோது நான் கூப்பிட்டேன். நூல் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள என் தங்கை ஏற்கெனவே கடையில் இருந்தாள். புருஷன் கண்ணெதிரில் இருப்பார் என்று அவளுக்கும் சந்தோஷம்.

அவர் கம்ப்யூட்டரைப் பார்க்கிற விதமே வேறு. திரைக்குப் பின்னால் என்னென்ன ஓடுகிறது என்று ஒரு பட்டியல் வரும். டாஸ்க் மேனேஜர் என்பார்கள். நமக்குத் தெரியாமல் உள்ளே இருந்துகொண்டு வேலை செய்கிறவை எல்லாம் அதில் பெயரோடு இருக்கும், யார் யார் பிராசஸரில் எவ்வளவு தின்கிறார்கள் என்று எதிரில் சதவீதமும் இருக்கும். மாப்பிள்ளைக்கு அது பஸ். மேலிருந்து கீழே ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போவார். இவன் எந்த ஸ்டாப்பில் ஏறினான், யார் ஏற்றிவிட்டது, எங்கே இறங்கவேண்டியவன் இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கிறான் என்று வாய்விட்டே கேட்பார். என்றைக்கோ ஒரு பிரிண்டரை விற்றோம். அதோடு வந்த ஆசாமி பிரிண்டர் போன பிறகும் உள்ளே சீட்டுப் பிடித்துக்கொண்டு தூங்கியதை ஒருநாள் கண்டுபிடித்து இறக்கினார். எல்லாம் முடிந்து கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பும்போது மேசையை இரண்டு தட்டுத் தட்டி "ரைட்" என்பார்.

ஒரு தடவை மட்டும் தப்பு நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மகள் அதை மறக்கவே இல்லை. பட்டியலில் ஒருவன் எதற்கு இருக்கிறான் என்றே தெரியவில்லை, பெயரும் வாயில் நுழையவில்லை. மாப்பிள்ளை பிடித்து வெளியே தள்ளிவிட்டார். அடுத்த நொடி திரை முழுக்க நீலம். கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. டிரைவரையே இறக்கிவிட்டு விசில் கொடுத்த கண்டக்டர் என்று மகள் பெயர் வைத்தாள். கடையில் சிரிக்காதவர் அவர் ஒருவர்தான். அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். யாரையும் விசாரிக்காமல் இறக்குவதில்லை. ஏற்றிவிட்ட ஆளைக் கண்டுபிடித்து ஒரு வார்த்தை கேட்ட பிறகுதான் கை வைப்பார்.

மகளைப் பற்றியும் சொல்லவேண்டும். நிறையப் படித்தவள், நான் படிக்க வைத்தேன். ஆபீஸ் முழுவதையும் அவள் கையில் கொடுத்துவிட்டேன், கொடுத்த பிறகு வாயைத் திறப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். திறந்தாலும் அவள் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

விளையாட்டு கிளப் ஒன்றிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. சட்டை நெஞ்சில் இறக்கை விரித்த பருந்து. எங்கள் மெஷின் டிசைனை ஒரே வாயில் விழுங்காது. கம்ப்யூட்டர் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டும், இது தைக்கும். ஊட்டுகிற கை நின்றால் ஊசியும் துணியில் குத்தியபடி நின்றுவிடும். அந்த வாரம் அதுதான் நடந்தது. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஃபேன் இரைய ஆரம்பிக்கும், மவுஸ் நகராது, மெஷின் நிற்கும். பருந்துக்கு ஒரு இறக்கைதான் வந்திருக்கும். அதைப் பார்த்தால் பருந்து மாதிரி இல்லை, யாரோ துரத்திய கோழி மாதிரி இருந்தது. கிளப்காரர்கள் சாம்பிளைப் பார்த்துவிட்டு, எங்கள் அணி தோற்பது உண்மைதான், அதைச் சட்டையிலேயே தைக்க வேண்டுமா என்று கேட்டார்கள்.

மாப்பிள்ளை பஸ்ஸைச் சோதித்தார். பட்டியலில் முதலாவதாக நின்றது வைரஸ் பிடிக்கிற காவல்காரன். வேர்த்து விறுவிறுத்து ஓடிக்கொண்டிருந்தான். அவனை நிறுத்திவிடலாமே என்றேன். கூடாது என்றார். யாரோ ஓயாமல் உள்ளே ஏதோ எறிந்துகொண்டே இருக்கிறான், ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்பது இவன் வேலை, இவன் ஓடுகிறான் என்றால் எறிகிறவன் வேறே எங்கோ உட்கார்ந்திருக்கிறான் என்று விளக்கினார். எறிகிறவன் யார் என்றுதான் தெரியவில்லை. பெயர்கள் மேலும் கீழுமாகக் குதித்துக்கொண்டே இருந்தன. "உதவியாளர்" என்று மட்டும் போட்டுக்கொண்டு நாலைந்து பேர் இருந்தார்கள். எவன் யாருக்கு உதவி என்று யாருக்குத் தெரியும். மகள் திறந்து வைத்திருந்த பக்கங்களையெல்லாம் அவளிடம் கேட்டு மூடினார். தானாக அப்டேட் ஆகிறவனை ராத்திரிக்கு வரச்சொல்லி அனுப்பினார். கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பினார், தட்டினார், ரைட் என்றார். கொஞ்ச நேரம் நன்றாகப் போகும். மறுபடி இரைச்சல்.

மகள் வந்து நின்று பார்த்தாள். அவளுக்கு ஒரு குணம், சத்தம் போட மாட்டாள். அதுதான் பயம்.

"மாமா, ஒண்ணு கவனிச்சீங்களா. மத்தியானம் நீங்க வயர் வாங்கப் போறப்ப மெஷின் நிக்கவே இல்ல. நீங்க வந்து உக்காந்ததும் நிக்குது."

"அதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்."

"அதான் நானும் யோசிக்கிறேன்."

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனி ஆள் ஒருவர் வருவதாகச் சொன்னாள். வருஷ ஒப்பந்தம், அவர்களே வந்து பார்த்துக்கொள்வார்கள், அவர்களே உட்கார ஒரு ஆளும் தருவார்கள். மாமாவுக்கு வாசலில் பில் மேசை. அதற்குள் மாமா காரணத்தைக் கண்டுபிடித்தால் அவரே இருக்கட்டும். ஆனால் காரணம் வேண்டும். என்ன, யார், ஏன், இனிமேல் வராது என்பதற்கு என்ன நிச்சயம், இந்த நாலும் வேண்டும். நிறுத்திக் கிளப்பினேன் சரியாகிவிட்டது என்பது பதில் இல்லை.

அவள் போன பிறகு மாப்பிள்ளை பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை உருட்டினார். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு தடவை பஸ்ஸுல இருந்து எறக்கி மேசையில உக்கார வச்சாங்க மச்சான். சரின்னு உக்காந்தேன். இங்க வந்துதான் மறுபடி ஒரு வண்டி ஓட்டுற மாதிரி இருந்துச்சு. இதுல இருந்தும் எறக்கினா அப்புறம் நான் ஏற மாட்டேன்."

அவர் தோளில் கை வைக்கப் போனேன். இருந்தாலும் நான் முதலாளி. "வேலையைப் பாருங்க மாப்பிள்ளை" என்றேன்.

அவர் எழுந்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு நூல் அலமாரிக்குப் பின்னால் போய் நின்று காதைக் கொடுத்தார். ஃபேன் மெதுவாக அடங்கியது. வந்து உட்கார்ந்தார். இரைந்தது. மறுபடி போனார், அடங்கியது. மகள் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்து முகம் சுருங்கிவிட்டது. என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். எனக்கும் அதே மரியாதை, அதே இரைச்சல். எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. கம்ப்யூட்டர் ஆள் பார்த்து அவமானப்படுத்தவில்லை.

அப்புறம்தான் அவர் செய்த காரியம். வாசலில் சட்டை மாட்டி வைத்திருக்கிற பொம்மையைத் தூக்கிக்கொண்டு வரச்சொன்னார். ஆளுயரப் பொம்மை, தலை உண்டு, கை இல்லை. அதைக் கொண்டுவந்து நாற்காலியில் சாத்தினோம். கம்ப்யூட்டர் சாதுவாக இருந்தது. இருவரும் தள்ளி நின்று காத்திருந்தோம். சத்தமே இல்லை.

"ஆட்டுங்க மச்சான்" என்றார்.

"எதை?"

"பொம்மையைத்தான். நான் ஆடிக்கிட்டிருந்தேன்ல நாற்காலியில. அந்த மாதிரி."

நான் பொம்மையின் தோளைப் பிடித்து ஆட்டினேன். ஃபேன் சீறிக்கொண்டு கிளம்பியது. நிறுத்தினேன், அடங்கியது. தலையை மட்டும் ஆட்டிப் பார்த்தேன், அதற்கும் கிளம்பியது. இவ்வளவு பெரிய கடையின் முதலாளி ஒரு பொம்மைக்குத் தலை ஆட்டிக்கொண்டிருப்பதை மெஷின் ஓட்டுகிற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். வேலை என்று வந்தால் நான் கௌரவம் பார்ப்பதில்லை, அதனால்தான் இந்த இடத்தில் இருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. ஆள் உட்காருவது பிரச்சினை இல்லை, ஆள் அசைவதுதான் பிரச்சினை என்றார். அப்படியென்றால் உள்ளே ஒருவன் வேலை செய்யவில்லை, வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறான். அசைவு தெரிந்தால் படம் பிடிக்கிறான், படத்தை உள்ளே எறிகிறான், காவல்காரன் ஒவ்வொரு படத்தையும் எடுத்துச் சோதிக்கிறான், இரண்டு பேரும் சேர்ந்து பிராசஸரைத் தின்றுவிட மெஷினுக்கு ஊட்ட ஆளில்லை.

இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தோம். திரையின் தலையில் ஒரு சின்ன கேமரா. வெளியூர் வாடிக்கையாளர்களோடு முகம் பார்த்துப் பேச நான் வாங்கிப் போட்டது. அதன் விளக்கு எப்போதோ செத்துவிட்டதால், விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்று யாருக்கும் தெரியாது.

அந்த நேரத்தில் கேமராவை யார் உபயோகிக்கிறார்கள் என்று காட்டுகிற பக்கம் ஒன்று கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. அதைத் திறந்தார். ஒரே ஒரு பெயர். பக்கத்தில் ஒரு படம். தொட்டில்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நானும் பார்த்தேன். தொட்டில்தான். அடுத்த அறையில் வேலையாக இருக்கிற அம்மாமார்கள், குழந்தை புரண்டு படுத்தால் போனில் தெரிந்துகொள்வதற்காகச் செய்த மென்பொருள். குழந்தை அசைந்தால் அம்மாவுக்குப் படம் போகும்.

"இந்த மூலையில யாரு மச்சான் கொழந்த?" என்றார் மாப்பிள்ளை.

யார் ஏற்றிவிட்டது என்பது தெரியவில்லை. உடனே எடுத்துவிடுங்கள் என்றேன். மாட்டேன் என்றார், ஏற்றிவிட்ட ஆளைக் கேட்காமல் இறக்குவதில்லை. எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றேன். மேசையில் கிடந்த ஒற்றை இறக்கைப் பருந்துத் துணி ஒன்றை எடுத்து கேமராவின் கண்ணை மூடினார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். திடீரென்று விளக்கு அணைந்தால் எந்தப் பயணி முதலில் கத்துகிறானோ அவனிடம்தான் பெரிய பை இருக்கும் என்றார். பஸ்ஸில் கற்ற பாடமாம்.

அதிக நேரம் ஆகவில்லை. நூல் ஸ்டோர் கதவு படாரென்று திறந்தது. என் தங்கை ஒரு கையில் நூல் கோன்களும் இன்னொரு கையில் போனுமாக ஓடி வந்தாள். பாதி வழியில் கோன் ஒன்று விழுந்து, நூல் அவள் பின்னாலேயே நீளமாக ஓடி வந்தது.

"என்னங்க, ஏன் இருட்டாயிருச்சு, விழுந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் எதிரில் புருஷன், பக்கத்தில் அண்ணன், நடுவில் தலையாட்டிப் பொம்மை, மூன்று பேரையும் பார்த்தாள்.

மாப்பிள்ளை கேமராவிலிருந்து பருந்தை எடுத்தார். அவள் போனில் சின்னதாக ஒரு மணி அடித்தது. குழந்தை அசைந்துவிட்டது.

எனக்கு மட்டும் வயிற்றுக்குள் சிரிப்பு முட்டியது. பெரிய குடும்பத்துக்கு மூத்தவனாக இருக்கிறவன் கண்ட இடத்தில் சிரிக்கக் கூடாது என்று இருமினேன்.

விஷயம் இதுதான். மாப்பிள்ளை மத்தியானங்களில் வயர் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவார். ஒரு வயரும் வாங்கி வருவார். டிராயர் நிறைய வயர். இவ்வளவு வயர் எதற்கு என்று என் தங்கைக்கு மட்டும்தான் சந்தேகம் வந்தது. ஒருநாள் துணி வாங்கிக்கொண்டு திரும்பியவள் தெருமுனையில் பஸ்ஸைப் பார்த்திருக்கிறாள். உள்ளே, கூட்டத்துக்கு நடுவில், எதையும் பிடிக்காமல் நிற்கிறார் மனிதர், தகடு வைத்த காலோடு. வீட்டில் கேட்டதற்கு, கடை நாற்காலியை விட்டு நான் நகரவே இல்லை என்று சாதித்திருக்கிறார். அப்படியா என்று இவள் பேசாமல் இருந்துவிட்டு, போன் கடைக்காரனைப் பிடித்து, அவர் வயர் வாங்கப் போயிருந்த ஒரு மத்தியானம் கடைக்கே வரவழைத்து, இந்தத் தொட்டிலைப் போடச் சொல்லியிருக்கிறாள். நாற்காலியில் ஆள் இருக்கிறாரா என்று ஸ்டோரில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். அவர் அங்கே அசைய அசைய இவளுக்கு நிம்மதி.

"என்னைக் கேட்டிருக்கலாம்ல" என்றார் மாப்பிள்ளை.

"கேட்டேனே. நகரவே இல்லைன்னீங்களே."

அவள் குரல் இறங்கியது. அண்ணன் மகளிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், நான் போட்டதால்தான் ஆர்டர் கெட்டது என்று தெரிந்தால் ஸ்டோரில் எப்படி முகம் கொடுத்து உட்காருவேன் என்றாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, விடு, நானே போட்டதாகச் சொல்லிவிடுகிறேன், என் கடை, என் கேமரா, யார் கேட்க முடியும் என்றேன்.

"மச்சான், மவுஸை எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னே உங்களுக்குத் தெரியாது. நம்ப மாட்டா" என்றார் மாப்பிள்ளை. உண்மைதான். ஆனால் அதைத் தங்கை முன்னால் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

தொட்டிலை அவளிடம் ஒரு வார்த்தை கேட்டு, அவள் தலையாட்டிய பிறகு எடுத்தார். எடுத்த பிறகு உட்கார்ந்து பார்த்தார், ஆடிப் பார்த்தார், எழுந்து நாற்காலியைச் சுற்றி நடந்தும் பார்த்தார். சத்தமில்லை. மெஷின் அந்தப் பக்கம் பருந்துக்கு இரண்டாவது இறக்கையைத் தைத்துக்கொண்டிருந்தது.

மகள் வந்தாள். அவர் எழுந்து நின்றார். உட்காருங்க மாமா என்றாள், உட்காரவில்லை. அசைவைப் பார்க்கிற ஒரு மென்பொருள், அதை எடுத்தாகிவிட்டது, மெஷின் ஓடுகிறது என்று நடந்ததை அழகாக விளக்கினார். பொம்மையை ஆட்டியது முதற்கொண்டு சொன்னார். அவள் பொம்மையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு, யார் போட்டது என்றாள்.

"அது ஏறின ஸ்டாப் தெரியும்மா. ஆனா சொல்ல மாட்டேன். டிக்கெட் இல்லாதவன நான் எந்நாளும் பேர் சொல்லி எறக்கினதில்ல. பக்கத்துல போய் மெதுவா சொல்வேன், அடுத்த ஸ்டாப்புல எறங்கிடுவான்."

"அப்ப திரும்ப வராதுங்கிறதுக்கு என்ன நிச்சயம்?"

"என் வார்த்தை."

"உங்க வார்த்தைய வச்சு நான் ஆர்டர் எடுக்க முடியுமா மாமா. நாலுல ஒண்ணுதான் சொல்லியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, கம்பெனி ஆள் காலையில் வரட்டும் என்று திரும்பினாள்.

மாப்பிள்ளை சரி என்றார். அவ்வளவுதான் சொன்னார். மேசையில் இருந்த தன் கண்ணாடிக் கூடு, டார்ச், மடித்த துண்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்கு முன்னால் என் தங்கை திறந்துவிட்டாள்.

"நான்தான் போட்டேன்."

மகள் நின்றாள். ஏன் அத்தை என்று கேட்டாள். தங்கை புருஷனைப் பார்த்தாள். ஏன் என்பதைச் சொன்னால் அவர் வேலை நேரத்தில் ஊர் சுற்றுவது வெளியே வரும். சொல்லாவிட்டால் பைத்தியக்காரப் பெண்பிள்ளை என்று பெயர் வரும். அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு பேசாமல் நின்றாள். பைத்தியக்காரி என்ற பெயரே போதும் என்று முடிவு செய்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். கையில் இருந்த டார்ச்சை மேசையில் வைத்தார்.

"நான் மத்தியானம் வயர் வாங்கப் போகலம்மா. பஸ்ஸுல போறேன். என் பழைய ரூட்டுல. கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்ட்டு அதே வண்டியில வந்துடுவேன். இவ அதப் பாத்துட்டா. நான் பொய் சொன்னேன். அதனாலதான் போட்டா."

மகள் டிராயரைத் திறந்தாள். வயர்கள் சுருண்டு சுருண்டு கிடந்தன. மூடினாள்.

"உக்காந்துட்டுப் போவீங்களா, நின்னுட்டா?"

"நின்னுட்டுதான்."

"ஏன் மாமா? டாக்டர் சொல்லியிருக்காருல்ல."

"ஒருத்தன் கூட்டத்துல நீந்தி டிக்கெட் குடுத்துட்டு இருக்கான். நான் எப்படிம்மா உக்கார முடியும்."

அவளுக்குக் கோபம் இருந்தது, இல்லாமல் இல்லை. வேலை நேரத்தில் ஆள் காணாமல் போனால் யாருக்குத்தான் கோபம் வராது. இத்தனை நாள் அந்த மத்தியானங்களில் மெஷின் நின்றிருந்தால் யார் பார்த்திருப்பார்கள் என்று கேட்டாள். அவர் தலை குனிந்தார். பிறகு அவளே விரல் மடக்கி எண்ணினாள். என்ன, யார், ஏன், மூன்றும் வந்துவிட்டது. நாலாவதுக்கு அவளே ஒரு வழி சொன்னாள். காலையிலிருந்து மத்தியானம் வரை நாற்காலி மாமாவுடையது, சம்பளம் அதற்கு ஏற்ற மாதிரி. மத்தியானத்துக்கு மேல் கம்ப்யூட்டரைப் பார்க்கக் கம்பெனியோடு பேசிக்கொள்வாள். மாமா எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆனால் போகும்போது ஸ்டோருக்குப் போய் அத்தையிடம் வாயால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் போனால் பில் மேசை. யாரும் யாரையும் ஒளிந்து பார்க்கவேண்டிய அவசியம் இருக்கக் கூடாது, இருந்தால் அது மறுபடி ஏதாவது ஒரு வடிவத்தில் கம்ப்யூட்டருக்குள்தான் வந்து உட்காரும்.

அந்தத் தீர்ப்பைக் கேட்டதும் நான்தான் அவளைப் படிக்க வைத்தேன் என்று மறுபடி ஒருமுறை எல்லோருக்கும் ஞாபகப்படுத்தினேன்.

பாதிச் சம்பளம் மாப்பிள்ளைக்கு வலிக்காமல் இல்லை. ஆனால் பையில் வைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். கண்ணாடிக் கூட்டை மட்டும் இரண்டு தடவை இடம் மாற்றினார்.

மறுநாள் மத்தியானம் ஸ்டோர் வாசலில் போய் நின்றார். பஸ்ஸில் யாரையும் முன்னே போ, பின்னே போ என்று அதட்டிய மனிதர், போகட்டுமா என்று கேட்க நாக்கு வராமல் கதவு நிலையைத் தடவிக்கொண்டிருந்தார். என் தங்கை கோன் அடுக்கிக்கொண்டிருந்தாள். இருங்க என்றாள். அடுக்கி முடித்து, கையைத் தட்டிக்கொண்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டி, செருப்பைப் போட்டாள். நானும் வர்றேன் என்றாள்.

சாயங்காலம் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். அவள் நேராக ஸ்டோருக்குள் போய்விட்டாள், முகத்தில் ஒரு பளபளப்பு. அவர் என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடைசி ஸ்டாப் வரை போனார்களாம். வழியெல்லாம் இது என்ன கட்டடம், அது என்ன ரோடு என்று கேட்டுக்கொண்டே வந்தாளாம்.

"நின்னீங்களா மாப்பிள்ளை?" என்றேன்.

"எங்க நிக்க விட்டா. என்னை ஜன்னலோரம் தள்ளி, தான் வெளிப்பக்கம் உக்காந்து வழிய அடச்சுக்கிட்டா உங்க தங்கச்சி. டிக்கெட்டையும் அவளே வாங்கிட்டா" என்று முழங்காலைத் தடவிக்கொண்டே குறைபட்டார். பிறகு, என்னைப் பார்க்காமல், "ஜன்னலோரத்துல இருந்து பாத்தா அந்த ரூட்டு வேற மாதிரி இருக்கு மச்சான். இத்தன வருஷம் நான் ஆளுங்க தலையத்தான் பாத்திருக்கேன்" என்றார்.